வாசகமேடையும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லும்

ஞாயிறு திருப்பலி தொடங்க இன்னும் ஐந்து நிமிடங்கள். இரண்டாம் மணி அடித்தாயிற்று. பலிபீடத்தில் மெழுகுதிரிகளும் ஏற்றியாயிற்று. அப்போதுதான் உபதேசியாரோ, அன்பியப் பொறுப்பாளரோ கோயில் வாசலுக்கு விரைந்து வந்து, "நீங்க முதல் வாசகம் வாசிச்சிடுறீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்குவார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார் ஒருவர். தொண்டை சரியில்லை என்பார் மற்றொருவர். கடைசியில் யாராவது ஒருவர் தயக்கத்தோடு சம்மதிப்பார். அன்றைய வாசகத்தை அவர் முதன்முதலாகப் பார்ப்பதே வாசகமேடையில் ஏறிய பிறகுதான். நம் பங்குகள் பலவற்றிலும் பழகிப்போன காட்சி இது.

பாடகர் குழுவினர் சனிக்கிழமை மாலை கூடிப் பயிற்சி செய்கிறார்கள். பீடச் சிறுவர்களுக்கு எப்போது மணி அடிக்க வேண்டும், எப்போது தூபம் எடுத்துவர வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பூ அலங்காரத்திற்கு முந்தின நாளே பூ வாங்கி வைக்கிறோம். இறைவார்த்தையை அறிக்கையிடும் பணிக்கு மட்டும், "வாசிக்கத் தெரிந்தால் போதும்" என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் போதுமா?

மக்கள் முன் குரலெடுத்து வாசிப்பது ஒரு தனிக் கலை. மேடைப்பேச்சுக்கு வேண்டிய மூச்சு, நிறுத்தம், வேகம், தெளிவு எல்லாமே இதற்கும் வேண்டும். ஆனால் பேச்சாளருக்கு இருக்கும் ஒரு வசதி வாசகருக்கு இல்லை. பேச்சாளர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் அடுத்த வாக்கியத்தில் அதையே வேறு விதமாகச் சொல்லிவிடலாம். வாசகர் விழுங்கிய சொல் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் போய்விடுகிறது. ஏனெனில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்தவை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, திருச்சபையில் மறைநூல் வாசிக்கப்படும்போது கிறிஸ்துவே பேசுகிறார் என்று கற்பிக்கிறது (எண் 7). இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அப்படியானால் வாசகமேடையில் நிற்பவர் தம் குரலைக் கிறிஸ்துவுக்குக் கடனாகக் கொடுக்கிறார். திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, வாசிப்பவர்கள் அப்பணிக்குத் தகுதியுள்ளவர்களாகவும் நன்கு ஆயத்தம் செய்யப்பட்டவர்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது (எண் 101). 1981-ல் வந்த வாசக நூலின் முன்னுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாசகருக்கு விவிலியப் பயிற்சியும் திருவழிபாட்டுப் பயிற்சியும் மட்டும் போதாது, ஒலிபெருக்கியைக் கையாள்வது உட்பட மக்கள் முன் வாசிக்கும் திறனிலும் பயிற்சி வேண்டும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது (எண் 55). ஆக, 'மைக்' முன் நிற்கக் கற்பதும் ஆன்மிக ஆயத்தத்தோடு சேர்ந்ததே. ஆன்மிகம் வேறு, இது வேறு என்று நாம் பிரித்துவிடக் கூடாது.

விவிலியத்திலேயே இதற்கு ஓர் அழகான முன்மாதிரி உண்டு. எஸ்ரா தண்ணீர் வாயிலுக்கு எதிரே இருந்த வளாகத்தில், இதற்கென்றே செய்யப்பட்ட மர மேடையில் நின்று, காலை முதல் நண்பகல் வரை திருச்சட்ட நூலை வாசித்தார். தெளிவாக வாசித்து, பொருளும் விளக்கப்பட்டதால் மக்கள் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டதால் அழுதார்கள் (நெகே 8:1-12). அந்தக் கண்ணீருக்கு முன்னால் ஒரு மேடையும், எல்லாருக்கும் கேட்கும் குரலும், பொருள் விளங்கும் வாசிப்பும் தேவைப்பட்டன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். தமிழில் வாசிப்பவர்களுக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நம் மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. யார், எங்கே, எப்போது, யாரோடு என்பதெல்லாம் முதலில் வந்துவிடும். என்ன செய்தார் என்பதும், செய்தாரா செய்யவில்லையா என்பதும் முடிவில்தான் தெரியும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடும். நமக்கோ 'இல்லை', 'அல்ல', 'மாட்டேன்', 'வேண்டாம்' எல்லாம் இறுதியில் நிற்கின்றன. கேள்வியும் அப்படியே. ஒரே ஓர் 'ஆ' அல்லது 'ஓ' ஒட்டிக்கொண்டு ஒரு கூற்றைக் கேள்வியாக மாற்றிவிடும்.

பழக்கமில்லாத வாசகரின் குரல் எங்கே தாழ்கிறது? சரியாக அந்தக் கடைசிச் சொல்லில்தான். வாக்கியத்தைப் பலமாகத் தொடங்குவார். நடுவில் மூச்சு குறையும். முடிவுக்கு வரும்போது நெஞ்சில் காற்று இருக்காது. கண் வேறு அடுத்த வரிக்குத் தாவியிருக்கும். கடைசிச் சொல் உதட்டிலேயே கரைந்துபோகும்.

ஒரு தாய் தன் பிள்ளையை மறந்துபோனாலும் தாம் தம் மக்களை மறப்பதில்லை என்று ஆண்டவர் எசாயா வழியாக உறுதி தரும் பகுதியை நாம் அறிவோம் (எசா 49:15). அந்த உறுதி முழுவதும் முடிவில் வரும் 'மாட்டேன்' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அது கேட்கவில்லை என்றால், பின்வரிசையில் இருப்பவர் காதில் மிஞ்சுவது மறதி மட்டுமே. தம்பியைப் பற்றி ஆண்டவர் விசாரிக்கும்போது, தான் என்ன அவனுக்குக் காவலாளியா என்று காயின் எதிர்க்கேள்வி கேட்கிறான் (தொநூ 4:9). கடைசியில் உள்ள அந்த 'ஆ' விழுங்கப்பட்டால், காயின் பொறுப்புள்ள அண்ணனாகி, காவல் பணியை ஏற்றுக்கொண்டுவிடுவான்!

சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் அடக்கத் திருப்பலியை நினைத்துப் பார்ப்போம். முன்வரிசையில் கணவரை இழந்த ஒரு பெண்மணி அமர்ந்திருக்கிறார். சாலமோனின் ஞான நூலிலிருந்து வாசகம் (சாஞா 3:1-9). நீதிமான்கள் இறந்துவிட்டதைப் போல அறிவில்லாதவர்களுக்குத் 'தோன்றினார்கள்', உண்மையில் அவர்கள் அமைதியில் இருக்கிறார்கள் என்பதே அதன் சாரம். வாக்கியத்தின் முடிவில் நிற்கும் அந்தத் தோற்றச் சொல் காதில் விழாவிட்டால், அவர் கேட்பது சாவுச் செய்தியை மட்டும்தான். அதை அவர் ஏற்கெனவே அறிவார். ஆறுதலாக வந்த பாதிச் செய்திதான் அவருக்கு வந்துசேரவில்லை. அவர் வீட்டுக்குப் போய் விவிலியத்தைத் திறந்து சரிபார்ப்பார் என்று நாம் எதிர்பார்க்க முடியுமா? கண்புரையால் எழுத்து தெரியாதவர்களும், பள்ளிக்கூடம் போக வாய்ப்பில்லாமல் போன முதியவர்களும் நம் கோயில்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு விவிலியம் என்பது வாசகமேடையிலிருந்து வரும் குரல் மட்டுமே.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. மூச்சை எங்கே எடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அச்சில் வரி முடியும் இடத்தில் அன்று, பொருள் முடியும் இடத்தில். வாசகத்தை ஒரு தாளில் படியெடுத்து, மூச்செடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளலாம். (கோயிலின் வாசக நூலில் கோடு போட வேண்டாம். அடுத்த வாரம் வாசிப்பவரின் மூச்சு வேறாக இருக்கும்!) நீண்ட வாக்கியத்தில், வினைச்சொல்லுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு மூச்சு எடுத்துக்கொண்டால் கடைசிச் சொல்லுக்கு வேண்டிய காற்று மீதமிருக்கும். அந்தச் சொல் முழுவதும் வாயை விட்டு வெளியேறும்வரை கண் அதன்மேலேயே இருக்கட்டும். வீட்டில் ஒருமுறை, வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாக உரக்கச் சொல்லிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. வாசகத்தின் எலும்புக்கூடு அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பது பழைய சிக்கல். புனித அகுஸ்தினார் மனம் மாறுவதற்கு முன் கார்த்தேஜ், உரோமை, மிலான் நகரங்களில் சொற்கலை கற்பித்த ஆசிரியர். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவப் போதனை குறித்து அவர் எழுதத் தொடங்கிய நூலின் மூன்றாம் பகுதியில் இதைப் பேசுகிறார். அக்காலக் கையெழுத்துப் படிகளில் இன்றுபோல் நிறுத்தக்குறிகள் இல்லை. வாசகர்தான் நிறுத்தத்தை முடிவு செய்தார். யோவான் நற்செய்தியின் தொடக்க வரிகளில் நிறுத்தத்தைத் தள்ளிப்போட்டு, வாக்கு கடவுளாயிருந்தார் என்று அறிக்கையிடுவதையே சிலர் தவிர்த்ததாக அவர் சுட்டிக்காட்டுகிறார். உரோமையர் திருமுகத்தின் ஒரு பகுதியை (உரோ 8:33-34) எந்தக் குரலில் வாசித்தால் கேள்வியாகும் என்றும் விளக்குகிறார். ஆயர் ஒருவர் இந்த அளவுக்கு நுணுக்கம் பார்த்திருக்கிறார்!

நமக்கும் இது பொருந்தும். 'இயேசு சீடரோடு வந்த மக்களைப் பார்த்தார்' என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'இயேசு' என்றதும் நிறுத்தினால் மக்கள் சீடரோடு வந்தார்கள். 'சீடரோடு' என்றபின் நிறுத்தினால் சீடர்கள் இயேசுவோடு இருந்தார்கள். எது சரி என்பதை மேடையில் நின்றுகொண்டு முடிவுசெய்ய முடியாது. முந்தின நாளே அப்பகுதியின் முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் சேர்த்துப் படித்தவருக்கே தெரியும்.

எழுத்தொலிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலியில், இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டதாக எசாயா சொல்கிறார். அது 'பேரொலி' ஆகிவிட்டால் மக்கள் பெரும் சத்தத்தைக் கண்டார்கள் என்றாகிவிடும். 'இறை' என்றால் கடவுள், 'இரை' என்றால் விலங்குக்குத் தீனி. 'பலி' வேறு, 'பழி' வேறு. 'குலம்' வேறு, 'குளம்' வேறு. வயலில் களைகள் வளர்ந்த உவமையில் 'கலைகள்' வளர்வதும் உண்டு. இதில் குருக்களும் விதிவிலக்கல்லர் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம். ஒவ்வோர் ஊர்ப் பேச்சுக்கும் ஓர் ஒலிப்பு உண்டு, அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் பொருளே மாறும் இடங்களில் மட்டுமாவது நாக்கு விழிப்பாயிருக்க வேண்டும். ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சுமை என்பது உண்மையே. அதற்காக அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்து, தாத்தா பாட்டியிடம் வாசித்துக் காட்டச் சொல்லலாம். தாத்தா பாட்டிக்கும் அந்த வாசகம் இரண்டு முறை கிடைக்கும்.

பெயர்களில் தடுமாறுவதும் பொதுவான அச்சம். தூய ஆவியார் பெருவிழாவில் பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பம்பிலியா என்று வரிசையாக வரும் (திப 2:9-11). அசைகளாகப் பிரித்து ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தால் போதும். அப்படியும் தடுக்கினால் மன்னிப்புக் கேட்காமல், தலையைச் சொறியாமல், மேலே போய்விடுவது நல்லது.

வேகம் பெரிய சிக்கல். நம் பழைய கோயில்கள் உயர்ந்த கூரையும் கெட்டியான சுவர்களும் கொண்டவை. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 40 மீட்டர் நீளமுள்ள கோயிலில், பீடத்திலிருந்து போகும் ஒலி பின்சுவரில் மோதித் திரும்பக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். வேகமாக வாசிப்பவரின் அடுத்த அசை அதற்குள் கிளம்பிவிடும். பழைய அசையும் புதிய அசையும் நடுவழியில் மோதிக்கொள்ளும். தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி வைத்திருந்தால் நடுவில் இருப்பவருக்கு ஒரே சொல் இரண்டு மூன்று முறை வந்து சேரும். இதைச் சத்தத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. கூட்டினால் எதிரொலியும் கூடும். நிதானமே மருந்து. வாசிப்பவருக்குத் தாம் மிக மெதுவாக வாசிப்பதுபோலத் தோன்றினால், கேட்பவருக்கு அநேகமாகச் சரியான வேகத்தில் போய்ச்சேரும்.

'மைக்' வாயிலிருந்து சுமார் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே இருந்தால் 'ப'கரம் வெடிக்காது. மிக நெருங்கினால் குரல் கனத்து எழுத்துகள் மங்கும். உயரத்தைச் சரிசெய்வதை முதல் சொல்லுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் வேண்டாம். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியை வாசக நேரத்தில் நிறுத்திவைத்தாலே பாதிக் குறை தீரும் கோயில்களும் உண்டு.

வாசகத்துக்கு முன் நம் பங்குகளில் வாசிக்கப்படும் முன்னுரை பற்றியும் ஒரு சொல். அது நல்ல நோக்கத்தோடு வந்த பழக்கம். ஆனால் சில நேரங்களில் முன்னுரை வாசகத்தைவிட நீளமாகி, வாசகத்தில் வரப்போவதை எல்லாம் முன்பே சொல்லிவிடுகிறது. கதையின் முடிவு தெரிந்த பின் மக்கள் எதைக் கவனித்துக் கேட்பார்கள்? மூன்று வாக்கியங்கள் போதும் என்பது நம் கருத்து.

உணர்ச்சியோடு வாசிக்க வேண்டுமா? வேண்டும். நடிக்க வேண்டுமா? கூடாது. வாசகத்தின் இலக்கிய வகைக்கு ஏற்பக் குரல் அமைய வேண்டும் என்று பொதுப் படிப்பினை சொல்கிறது (எண் 38). பவுலின் திருமுகத்தைக் கதைபோல வாசிக்க முடியாது, எசாயாவின் கவிதையை அறிவிப்புபோல வாசிக்கக் கூடாது. அரசியல் மேடையும் பட்டிமன்றமும் நம் காதுகளுக்கு நன்கு பழகியவை. அங்கே பேச்சாளர் குரலை ஏற்றி ஏற்றிக் கைத்தட்டலுக்கு இடம் விடுவார். அந்தப் பாணி வாசகமேடைக்கு ஆகாது. அங்கே மக்கள் கண்ணில் வாசகர் பெரிதாகிவிடுவார்.

பாஸ்கா திருவிழிப்பில் வரும் ஆபிரகாம் பலி வாசகத்தை எடுத்துக்கொள்வோம் (தொநூ 22). தந்தையும் மகனும் சேர்ந்து நடந்தார்கள் என்று அப்பகுதி இரண்டு முறை சொல்கிறது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில்தான், நெருப்பும் விறகும் இருக்கின்றன, ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்கிறான். இதை வாசிப்பவர் ஈசாக்குக்காகப் பிள்ளைக் குரல் எடுக்க வேண்டாம், ஆபிரகாமுக்காகத் தழுதழுக்கவும் வேண்டாம். மகன் கேட்டு முடித்தபின் ஒரு மூச்சளவு நிறுத்தினால் போதும். கோயில் முழுவதும் அந்தத் தந்தையின் பதிலுக்காகக் காத்திருக்கும். இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து நடந்தார்கள் என்று வரும்போது, முதல் முறை வாசித்த அதே குரலில் வாசித்தாலே கேட்பவர் நெஞ்சு கனக்கும்.

"எல்லாம் சரி, மேடை ஏறினால் கால் நடுங்குகிறதே" என்று சொல்பவர்கள் நம்மிடையே பலர். மோசே தம் நாவு திக்கும் என்றார் (விப 4:10). எரேமியா தமக்குப் பேசத் தெரியாது என்றார் (எரே 1:6). பவுலின் பேச்சு எடுபடாது என்று கொரிந்தியர் சிலர் குறை சொன்னார்கள் (2 கொரி 10:10). நடுக்கம் தகுதியின்மைக்கு அடையாளமல்ல. நாசரேத்து தொழுகைக்கூடத்தில் இயேசு எப்படி வாசித்தார் என்று லூக்கா சொல்லும் விதத்தைப் பார்ப்போம் (லூக் 4:16-20). எழுகிறார், ஏட்டுச்சுருளை வாங்குகிறார், பிரிக்கிறார், உரிய இடத்தைக் கண்டுபிடிக்கிறார், வாசிக்கிறார், சுருட்டுகிறார், ஏவலரிடம் கொடுக்கிறார், அமர்கிறார். ஒன்றிலும் அவசரமில்லை. நாமும் மேடையை அடைந்ததும் மக்கள் அமர்ந்து, நாற்காலிச் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கலாம். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டுப் பிறகு உள்ளே இழுத்தால் குரல் நடுக்கம் குறையும். முதல் வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருந்தால் மக்களைப் பார்த்துத் தொடங்க முடியும். தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் எல்லாருக்கும் தெரியும். வாசக நூல் மேடையில் இருந்தால் கைகள் அதன் ஓரங்களில் அமைதியாக இருக்கும். வாசக நூலுக்குப் பதிலாகத் துண்டுத்தாள் பயன்படுத்தக் கூடாது என்ற திருச்சபை விதியில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

யார் வாசிப்பது? 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் வாசகர் பணியைச் சீரமைத்தபோது, முறைப்படி ஏற்படுத்தப்படும் அப்பணி ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. ஆனால் நம் பங்குகளில் நியமனம் ஏதுமின்றியே பெண்கள் நெடுங்காலமாக வாசித்து வந்தார்கள். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அப்பணியைப் பெண்களுக்கும் திறந்துவைத்தார். ஆணா பெண்ணா என்ற கேள்வி தீர்ந்தாலும், திருவிழா உபயதாரர் என்பதற்காகவோ, ஊரில் பெரியவர் என்பதற்காகவோ வாசகம் கொடுக்கும் வழக்கம் தீரவில்லை. உபயதாரரைக் கௌரவிக்க வேறு வழிகள் இருக்கின்றன. காணிக்கைப் பவனியில் முன்னால் நடக்கச் சொல்லலாமே!

பாஸ்கா திருவிழிப்புக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு வாசகங்கள் குறிக்கப்பட்டுள்ளன. குறைத்து வாசித்தாலும், செங்கடலைக் கடக்கும் பகுதியை விடக் கூடாது. அந்த ஏழு பேரைத் திருநீற்றுப் புதன் வாரத்திலேயே தெரிந்தெடுத்துப் பயிற்சியைத் தொடங்கலாம். சனிக்கிழமை மாலை, கோயிலில் ஆளில்லாத நேரத்தில் ஒருவர் வாசகமேடையில் நிற்கட்டும், மற்ற ஆறு பேரும் கடைசி வரிசையில், தூண்களுக்குப் பின்னால், பக்கத்துச் சிற்றாலயத்தில் எனப் பிரிந்து நிற்கட்டும். கையில் தாள் எதுவும் வேண்டாம், காது மட்டும் போதும். ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்காதபோதெல்லாம் அவர்கள் கையை உயர்த்த வேண்டும். மேடையில் நிற்பவர் அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசிப்பார். ஆளில்லாத கோயிலில் எதிரொலி அதிகம். மக்கள் நிறைந்தபின் அவர்களின் உடலும் உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் எதிரொலி குறையும், ஆனால் குரல் சற்று அடங்கியது போலவும் தோன்றும். ஆகவே சனிக்கிழமை வைத்த ஒலி அளவை ஞாயிறன்று முதல் மன்றாட்டு முடிவதற்குள் ஒருவர் பின்னால் நின்று கேட்டு, கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டியிருக்கும்.